போவதற்கு முன் எடுத்த போட்டோ

ஆலங்குடி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து கிடந்த ஒருவரை, என் வீட்டுக்காரர் தன் லோடு ஆட்டோவில் தேங்காய் மூட்டைகளை ஒதுக்கிப் படுக்கவைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அடுத்த வாரமே ஸ்டேஷனிலிருந்து போன். "பார்த்ததைச் சொல்லிட்டுப் போங்க, சும்மா ஒரு விசாரணைதான்."

அந்தச் சும்மாவை நான் நம்பவில்லை. சும்மா விசாரணைக்குப் போனவர்கள் டிவியில் எப்படித் திரும்புகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? கையில் மாவுக்கட்டு, கேட்டால் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாராம். நேரில் எனக்குப் போலீஸோடு இருந்த பழக்கம் ஒன்றே ஒன்று. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த என் மகளை ஒரு பெண் போலீஸ் இடுப்பில் தூக்கிவந்து கொடுத்தார். பிள்ளை கையில் குச்சி ஐஸ் வேறு. ஆனால் அது என்றோ ஒரு நாள். டிவி தினமும் ஓடுகிறது.

ஸ்டேஷனுக்குக் கிளம்ப என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டப் போகும்போது, போட்டோ எடுக்கப் போனோடு போய் நின்றேன்.

"ஏங்க, ரெண்டு கையையும் நீட்டுங்க. அங்கிட்டுத் திரும்பி முதுகைக் காட்டுங்க."

"ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றார். ஆனாலும் திரும்பி நின்றார். அவருக்கும் பயம்தான்.

மதியம் தாண்டியும் ஆளைக் காணோம். போன் ஸ்விட்ச் ஆஃப். பொறுக்க முடியாமல் பஸ் ஏறி ஸ்டேஷனுக்குப் போனேன். "அவரு அப்பவே கெளம்பிட்டாரும்மா" என்றார்கள். இதையும் டிவியில் கேட்டிருக்கிறேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது.

"என்னங்க இது?"

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்தோமே, எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி குளிச்சுட்டு உள்ள போவோம்னு நெனச்சேன். பாத்ரூம்ல வழுக்கிருச்சு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அடிச்சாங்களா? வெளிய சொல்லக் கூடாதுன்னு மெரட்டுனாங்களா?"

"நம்ம வீட்டு பாத்ரூம்டி!" என்று கத்தினார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். வாளி கவிழ்ந்து கிடந்தது, சோப்பு மிதிபட்டு நசுங்கியிருந்தது. அப்போதும் மனசு கேட்கவில்லை. போட்டோவை வைத்துக்கொண்டு தோள், முதுகு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வேறு காயம் இல்லை. கட்டிய புருஷன் சொன்னதை நம்ப எனக்கு அதுவும் போதவில்லை.

மறுநாள் ஆதார் ஜெராக்ஸ் வாங்க ஒரு ஏட்டு வந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் மனுஷன் முகம் வெளுத்துவிட்டது.

"என்னண்ணே ஆச்சு? நேத்து நல்லாத்தானே போனீங்க?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன் சார்."

ஏட்டு தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்படி மட்டும் வெளிய சொல்லிறாதீங்கண்ணே. ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. வண்டியில இருந்து விழுந்தேன்னு சொல்லுங்க."

முதல் நாள் என் வீட்டுக்காரர் முகத்தில் பார்த்த அதே பயம் இப்போது ஏட்டு முகத்தில் இருந்தது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் சொன்னது உண்மை என்று நம்பினேன். ஏட்டுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

போட்டோக்களை அழிக்கவில்லை. இன்னொரு தடவை ஸ்டேஷனுக்கு வரவேண்டியிருக்கும் என்று டீயைக் குடித்துக்கொண்டே அவர்தான் சொன்னார்.