மயில்கழுத்துத் தடம்

கண்ணைச் சுருக்கி, தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்து, எதிர் இருக்கைக்காரரின் மூன்றாவது பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள் நூல்கடை அக்கா. மற்ற நான்கு பொத்தான்களும் வெள்ளை நூலில் இருந்தன. அது மட்டும் சந்தன நிற நூலில் தைத்திருந்தது. ரயில் இரண்டு நிலையங்களைக் கடந்தது. அவர் செய்தித்தாளை விரிக்கும்போதெல்லாம் பொத்தான் மறைய, அவள் கழுத்து அதைத் தேடி நீண்டது. கடைசியில் பொறுக்க முடியாமல் முன்னால் குனிந்து, "ஐயா, தப்பா நினைக்காதீங்க. அந்த மூணாவது பொத்தானை வீட்டுல பிரிச்சுத் தைக்கச் சொல்லுங்க. நூல் மாறியிருக்கு" என்றாள். அவர் குனிந்து பார்த்தார். அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனாலும் அந்தப் பொத்தானைக் கையால் மூடிக்கொண்டுதான் இறங்கிப் போனார்.

பெரிய நகரத்துக்கு அவள் வந்து அன்றோடு நாலாம் நாள். ஊரில் அவள் வேலை பார்ப்பது, தையல்காரர்களுக்கு நூலும் லைனிங்கும் பொத்தானும் விற்கும் ஒரு கடையில். இருபத்திரண்டு வருடமாக அதே கடை, அதே முக்காலி. அவளைவிட வயதில் மூத்த தையல்காரர்களுக்கும் அவள் அக்காதான். யாராவது துண்டுத் துணியை நீட்டினால், வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வாசலுக்குப் போய்விடுவாள். கடைக்குள் நிறம் பார்ப்பது அவளைப் பொறுத்தவரை மூக்கடைப்போடு வாசனை பார்ப்பது போல. "ட்யூப் லைட்டு பொய் சொல்லும். வெயிலைக் காட்டினா உண்மையைக் கக்கிடும்" என்பாள். வாசல் வெளிச்சத்தில் ஒரு நொடி பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால், கை நேராக ஒரு நூல்கண்டின் மேல் போய் உட்காரும். துணியின் மேல் நூலை வைத்தால் நூல் காணாமல் போகும்.

பச்சை, நீலம் என்று மொட்டையாகச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "பச்சைன்னா? கிளியா, பாசியா, வாழையிலையா, மயில்கழுத்தா?" என்று கேட்டு, வந்தவரை விழிக்க வைப்பாள். நீலத்தில் ஆகாயம் வேறு, மை வேறு. வெங்காயச் சருகு என்று ஒரு நிறம், நனைந்த மண் என்று ஒரு நிறம். மயில்கழுத்தை நீலத்தோடு சேர்க்கிறவர்களோடு அவளுக்குப் பேச்சே இல்லை. வெயிலில் பிடித்தால் அதன் பச்சை வெளியே வந்துவிடும். ஆகையால் அதன் இடம் பச்சைத் தட்டு. இதைத் தெரியாமல் நீலத் தட்டில் அடுக்கிய புதுப் பெண்கள் மூன்று பேர், ஒவ்வொருவராக, மொத்தத் தட்டையும் இறக்கி மறுபடி அடுக்கியிருக்கிறார்கள்.

இந்தக் கண்ணைத்தான் மகளுக்கும் கொடுத்திருந்தாள். மகள் இந்த நகரத்தில், பல் செட்டும் பல் உறையும் செய்து டாக்டர்களுக்கு அனுப்பும் ஒரு பட்டறையில் ஆறு மாதமாகப் பயிற்சியில் இருந்தாள். பல்லுக்கும் நிற அட்டை உண்டு. பக்கத்துப் பல்லோடு சேராத உறையை அவள் தூர நின்றே சொல்லிவிடுகிறாள் என்று பட்டறை முதலாளிக்குப் பெருமை. வேலையை நிரந்தரமாக்குகிறேன், வருகிற திங்கட்கிழமை பதில் சொல்லு என்று சொல்லியிருந்தார்.

பதில் அம்மாவின் காலில் இருந்தது. அப்பா போய் ஒன்பது வருடம். போன மாதம் அம்மா மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்து வீட்டுக்காரி போன் செய்த பிறகுதான் மகளுக்கே தெரியும். இனிமேல் அம்மாவை ஊரில் தனியே விடுவதில்லை என்று மகள் முடிவு செய்துவிட்டாள். இங்கே கொண்டுவந்து வைத்தாலும் காலை எட்டு மணிக்குப் போனால் அவள் திரும்ப ஆறாகும். "தனியா நாலு இடம் போய்வரத் தெரியணும்மா. இல்லேன்னா உன்னைக் கூட்டிட்டு வந்து ஒரு ரூமுக்குள்ள பூட்டிவெச்ச மாதிரி. அதுக்கு நானே வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துடுறேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற பெண். அம்மாவுக்குத் தெரியும், பரீட்சை தனக்கு, மார்க்கு மகளுக்கு.

ஆகவே ஒரு திட்டம் வைத்துக்கொண்டாள். மகளின் அறை இருந்த மணிக்கூண்டு நிலையத்திலிருந்து திங்களன்று ஒரு நிலையம். செவ்வாயன்று இரண்டு. இறங்கி, படியேறி, மேலே போய் வானத்தையும் தெருவையும் ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். சாயங்காலம் மகளிடம் ஒப்பிப்பாள்: எந்த நிலையத்தில் படி வழுக்கும், எங்கே கழிப்பறை சுத்தம், எந்த வாசலில் ஒரு கிழட்டு நாய் எல்லோரையும் தன்னைத் தாண்டிப் போகவைத்துப் படுத்திருக்கும். மகள் ஒரே ஒரு விதிதான் போட்டிருந்தாள். போகும்போது நீலத் தடம், வரும்போதும் நீலத் தடம். வேறு எதிலும் ஏறக்கூடாது. மணிக்கூண்டில் ஓடுவதே அந்த ஒரு தடம்தான். ஆகையால் நாலு நாளும் ரயிலின் வயிற்றில் ஓடும் வண்ணப் பட்டையை அவள் பார்க்க வேண்டியே வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்தாவது நிலையம், பழைய சந்தை. மூன்று தடங்கள் சந்திக்கும் இடம். மேலே துணிக்கடைத் தெருவில் ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. வாங்கவில்லை, வாசல்களில் நின்று, தொங்கிய துணிகளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்தபோது பிளாட்பாரத்தின் இரண்டு பக்கமும் ரயில்கள் நின்றன. ஒன்றின் பட்டை மயில்கழுத்து. இன்னொன்றின் பட்டை மை நீலம். தலையை இடப்பக்கம் சாய்த்தாள். ட்யூப் லைட் வெளிச்சம்தான், ஆனாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு வெயில் எதற்கு? தலைக்கு மேல் பலகையில் தடத்தின் பெயர் எழுதியிருந்தது. நிறமே எதிரில் நிற்கும்போது நிறத்தின் பெயரை யார் படிப்பார்கள்? பக்கத்தில் நிறையப் பேர் நின்றார்கள். சந்தேகம் இருந்தால்தானே கேட்பதற்கு? மை நீலத்தில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் நிலையத்தின் பெயர் புதிதாக இருந்தது. வரும்போது கவனிக்கவில்லை போலும் என்று நினைத்தாள். இரண்டாவதும் புதிதாக இருந்தது. மூன்றாவதில் ரயில் தரைக்கு மேலே ஏறியது. வரும் வழி முழுக்கச் சுரங்கம் அல்லவா? ஜன்னலில் தண்ணீர் தெரிந்தது, பிறகு பளு தூக்கும் இயந்திரங்கள், அடுக்கிவைத்த இரும்புப் பெட்டிகள். கடைசி நிலையம் துறைமுகம். எல்லோரும் இறங்கினார்கள். அவளும் இறங்கி, வெயிலில் நின்ற ரயிலின் பட்டையைத் திரும்பிப் பார்த்தாள். வெயிலிலும் அது மை நீலமாகத்தான் இருந்தது. அதில் ஒரு கணம் திருப்தி. அடுத்த கணம், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

பிளாட்பாரத்துக் காவலர் தானாகவே அருகில் வந்தார். மகளைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

"மணிக்கூண்டு. நீலத்துலதான் ஏறினேன் தம்பி. அது இங்க கொண்டுவந்து விட்டுடுச்சு."

"இது ஊதாத் தடம்மா."

"எது ஊதா?"

அவர் முகவாயால் ரயிலைக் காட்டினார்.

"இதுவா? தம்பி, இது மை நீலம். ஊதான்னா உள்ளுக்குள்ள சிவப்பு ஓடணும். கத்தரிப்பூவை நீங்க பார்த்ததே இல்லையா?"

மூன்று வருடமாக அந்தப் பட்டைக்கு முன்னால் நிற்கிறவர், அதை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறவர் போலப் பார்த்தார். "சரி, அப்போ எங்க நீலத் தடத்தை என்னன்னு சொல்வீங்க?"

"மயில்கழுத்து. எங்க கடையில அது பச்சைத் தட்டுல இருக்கும்."

"நல்லவேளை, உங்களைக் கேட்டுட்டுப் பெயிண்ட் அடிக்கல" என்று அவர் சிரித்துவிட்டு, கூட யாரும் வரவில்லையா, வீட்டுக்குப் போன் போட்டு யாரையாவது வரச் சொல்லட்டுமா என்று விசாரித்தார்.

அவள் கை தானாகப் போய்ப் பைக்குள் இருந்த போனை மூடிக்கொண்டது. ஒரு அழைப்பு போதும். மகள் கையில் இருக்கிற பல்லை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவாள். வந்ததும் அழ மாட்டாள், திட்ட மாட்டாள். திங்கட்கிழமை பதில் மட்டும் முடிந்துபோயிருக்கும்.

"வேண்டாம் தம்பி, அவ வேலையில இருக்கா. இதே வண்டியில திரும்பிப் போனா சந்தை வந்துடுமா?"

"வந்துடும்."

"அங்க இறங்கி, எதிர்ப்பக்கம் மயில்கழுத்துல ஏறணும்."

"நீலத்துல."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மூன்று மணிக்கெல்லாம் அறைக்கு வந்துவிட்டாள். மகள் வருவதற்கு மூன்று மணி நேரம் இருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. துணி துவைத்தாள், சமைத்தாள், ஜன்னல் கம்பிகளைக்கூடத் துடைத்தாள். ஆனால் நூல் சேரவில்லை என்றால் சேரவில்லை என்று சொல்லித்தான் இருபத்திரண்டு வருடம் விற்றிருக்கிறாள். தெரியாமல் வாங்கிப் போனவர்கள் தைத்து முடித்த பிறகு அழுவார்கள். மகள் கைகால் கழுவிவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்ததும், இன்று துறைமுகம் பார்த்துவிட்டு வந்தேன் என்று ஆரம்பித்து, காவலர் பெயிண்டைப் பற்றிச் சொன்னது வரை ஒன்று விடாமல் சொன்னாள். அந்த இடத்தில் மகள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள்.

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அந்த ஆளு இல்லேன்னா என்ன பண்ணியிருப்ப?"

"இன்னொரு ஆளு. இந்த ஊருல ஆளுக்கா பஞ்சம்?"

"விளையாடாதம்மா. நான் திங்கக்கிழமை முடியாதுன்னு சொல்லிடுறேன்."

அம்மா மோரை ஊற்றினாள். ஊற்றிவிட்டு, "திங்கக்கிழமைக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை இருக்குல்ல?" என்றாள்.

சனிக்கிழமை காலை, மகள் வேலைக்குக் கிளம்பிப் போனதும், ரயில் தடங்கள் போட்ட தாளை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். வெயிலில் விரித்து வைத்து, நகரம் எழுதியிருந்த பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் தன் பெயர்களை எழுதினாள். நீலம், மயில்கழுத்து. ஊதா, மை நீலம். மூன்றாவது தடத்தை அவர்கள் ஆரஞ்சு என்று போட்டிருந்தார்கள். வெகுநேரம் யோசித்து, பழுத்த பப்பாளி என்று எழுதினாள். அன்று எங்கும் போகவில்லை. தாளை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பெரியம்மா மகன் வீட்டுக்குப் போவதென்று முடிவானது. நடுவில் சந்தையில் மாற வேண்டும். வழி முழுக்க அம்மா முன்னால், மகள் பின்னால். மகள் வாயைத் திறக்கக் கூடாது, முகத்திலும் ஒன்றும் காட்டக் கூடாது. "நீ எதுல ஏறினாலும் ஏறுவேன். துறைமுகம்னா துறைமுகம்" என்று மகள் ஒத்துக்கொண்டாள்.

சந்தையில் இறங்கி இவர்கள் பிளாட்பாரம் மாறுவதற்குள் ஒரு ரயில் கதவை மூடப்போகும் நிலையில் நின்றது. ஜனங்கள் ஓடினார்கள். அம்மா ஓடவில்லை. "அது போகட்டும். பட்டையைப் பார்க்காம ஏற மாட்டேன்" என்றாள். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். போனது சரியான ரயில்தான். ஆறு நிமிடம் கழித்து அடுத்தது வந்தது. அம்மா தலையைச் சாய்த்துப் பட்டையைப் பார்த்தாள், நிமிர்ந்து பலகையில் பெயரையும் படித்தாள். "பப்பாளி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஏறினாள். மறுகோடியில் இறங்கியபோது, முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது என்ற விதியை மகள் மீறிவிட்டாள்.

பெரியம்மா மகன் வீட்டில் சாப்பிட்டு, பேசி, ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தது. மகள் ஆறு நாளும் பல் தூசிக்கு நடுவில் குனிந்தே வேலை செய்தவள். கொஞ்ச நேரம் கதவுக்கு மேல் ஓடும் நிலையப் பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது நிலையம் தாண்டியதும் கண் சொக்கியது. ஒரு முறை உதறி நிமிர்ந்தாள். மறுபடி சொக்கியது.

"சந்தை வந்தா எழுப்பும்மா" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

அம்மா தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள். மகளின் விரல்களிலிருந்து போன் நழுவிக்கொண்டிருந்தது. அதை மெல்ல எடுத்தாள். இவ்வளவு நேரமும் மகள் அதைக் கைக்குள் மறைத்து, வழி காட்டும் படத்தைத் திறந்தே வைத்திருந்திருக்கிறாள். அதை அணைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, கதவுக்கு மேல் அடுத்த நிலையத்தின் பெயர் எரிவதைப் பார்க்க நிமிர்ந்து உட்கார்ந்தாள்.