சேற்றில் கிடந்த எஞ்சினும் நாங்கள் வாங்கிய வின்சும்

வண்டிக்காரர் முற்றத்தில் வந்து நின்று தலையைச் சொறிந்தார். அந்தச் சொறிதலிலேயே எனக்கு விளங்கிவிட்டது, எங்கள் எஞ்சினுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று. மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தியோடு எழுந்து போய்க் கேட்டேன்.

"ஆத்து முகத்தடியில இறங்கிப் போச்சுது, தங்கச்சி. மேல காஞ்சு கிடந்தது. உள்ளுக்க சேறு எண்டு ஆருக்குத் தெரியும்?"

அருவியாறு கடலில் விழும் இடத்தில் கோடையில் மண் வெடித்து அப்பளம்போலக் கிடக்கும். ஆடு நடக்கும், ஆள் நடக்கும், வெறும் வண்டியும் போகும். எஞ்சின் ஏற்றிய வண்டி போகாது என்று எங்கள் வங்காலையில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். வண்டிக்காரருக்கு மட்டும் தெரியவில்லை. இரண்டு மைல் சுற்றிப் போகப் பஞ்சிப்பட்ட சோம்பேறி மனிதர்.

அந்த எஞ்சின் எங்களுக்கு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். முத்துக்குளிப்பு முடிந்து சிலாபத்துறையில் கூடாரங்களைப் பிரித்தபோது, துரைமாரின் முகாமுக்குத் தண்ணீர் இறைத்த எண்ணெய் எஞ்சினை ஏலத்தில் விட்டார்கள். என் நகைகளை விற்று என் கணவர் அதை எடுத்தார். கழுத்தில் தாலிக்கொடி மட்டும்தான் எனக்கு மிஞ்சியது. நான் முகம் சுளிக்கவில்லை. என் அண்ணன்மார் இருவரையும் கடல் ஒரே நாளில் எடுத்தது. ஒருவரின் உடல்கூடக் கரைக்கு வரவில்லை. கலியாணம் பேசி வந்தபோதே, கடலுக்குப் போகிறவருக்குக் கழுத்தை நீட்டமாட்டேன் என்று சொன்னவள் நான். வங்காலையில் பிறந்துவிட்டு இப்படிச் சொல்பவளுக்குக் கன்னியர் மடம்தான் கதி என்று ஊர் சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. என் சீதனமாக நறுவிலிக்குளத்தில் ஒரு மேட்டுக்காணி இருந்தது. நல்ல கிணறு, ஆனால் துலா மிதித்து அவ்வளவு நிலத்துக்கும் இறைக்க முடியாது. "ஒரு எஞ்சின் வாங்கி வைச்சா நான் கடலை விட்டிடுவன்" என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் கட்டினேன். எஞ்சின் சேற்றில் இறங்கியபோது எனக்கு முதற்பிள்ளை வயிற்றில். எஞ்சின் வெளியே வந்தால் அவர் நிலம் பார்க்கிற கமக்காரர், வராவிட்டால் தகப்பனாரின் வள்ளத்தில் மறுபடியும் கடலுக்குப் போகிற சம்மாட்டி.

முதலில் மாடுகளைக் கட்டி இழுத்தார்கள். மாடுகள் வயிறுவரை இறங்கி, அவற்றை எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. பிறகு கரைவலை இழுக்கிற ஆட்கள் வந்து கயிறு பிடித்தார்கள். அவர்கள் இழுக்க இழுக்க எஞ்சின் அசையவில்லை, அவர்கள் கால்தான் புதைந்தது. இனி, கம்பிக்கயிறு சுற்றிப் பாரம் இழுக்கிற வின்ச் ஒன்று வாங்காமல் முடியாது என்றார்கள். மாரி வந்து ஆறு பெருகுவதற்கு முன் எடுத்தாக வேண்டும்.

மன்னார்ப் பட்டினத்தில் இரும்புக்கடை வைத்திருந்த, ஊரே 'நானா' என்று கூப்பிடுகிற முஸ்லிம் முதலாளியிடம் மூவரும் போனோம்: என் கணவர், மாமா, நான். வயிற்றுப் பிள்ளைக்காரி எதற்கு என்று மாமா கேட்டார். உங்கள் மகனுக்குக் கடையில் வாய் வராது, அதற்குத்தான் என்றேன். மாமா சிரித்துவிட்டு வண்டியில் எனக்கு வைக்கோல் பரப்பினார். நல்ல மனிதர் அவர். மகன் கடலை விடுவது அவருக்கு விருப்பமில்லை என்றாலும், எனக்கு முன்னால் ஒரு நாளும் அதைக் காட்டவில்லை.

"எவ்வளவு பாரம் வரும், தம்பி?" என்று முதலாளி கேட்டார்.

"எங்கட பெரிய வள்ளம் ரெண்டின்ர பாரம் வரும், நானா" என்றார் என் கணவர். எங்கள் ஆட்களுக்கு உலகத்தில் எதையும் வள்ளத்தால்தான் நிறுக்கத் தெரியும்.

"சேத்தையும் சேர்த்துச் சொல்லுங்கோ" என்றேன். "வள்ளம் மணலில வழுக்கி வரும். இதைச் சேறு பிடிச்சு வைச்சிருக்குது."

முதலாளி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு இரண்டு வின்சுகளைக் காட்டினார். ஒன்று பெரியது, வார்ப்பிரும்பு. அதில் பல்லுச் சக்கரம், ஒவ்வொரு பல்லிலும் ஓர் இரும்பு நாக்கு 'கடக், கடக்' என்று விழும். விழுந்த நாக்கு பாரத்தைப் பின்னால் போக விடாது. மற்றது சிறியது, புதியது. ஒரு தடியில் கட்டி இரண்டு பேர் தோளில் காவிக்கொண்டு போகலாம். சத்தமே இல்லை. உள்ளே தோல் பதித்த தட்டுகள் ஒன்றை ஒன்று இறுக்கிப் பாரத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். மூட்டை ஏற்றிய கைவண்டியைக் கட்டி முதலாளி இழுத்துக் காட்டினார். பிடியை விட்டார், வண்டி விட்ட இடத்திலேயே நின்றது.

எனக்குப் பெரியதுதான் பிடித்தது. பல்லால் கடித்துப் பிடிக்கிற ஒன்றைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். ஓசைப்படாமல் பிடிக்கிறேன் என்பதை நான் மனிதரிலும் நம்பியதில்லை.

"பெரிசு ஒரு நாளும் கைவிடாது, தங்கச்சி" என்றார் முதலாளி. "ஆனா அதைச் சேத்தடிக்கு என்னெண்டு கொண்டு போவியள்? வண்டியில ஏத்தினா அந்த வண்டியும் தாழும். பேந்து அதை இழுக்க இன்னொரு வின்சுக்கு என்னட்டத்தான் வருவியள். எனக்கு நல்ல யாவாரம்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ முறை மனதால் அந்தக் கடைக்குள் போய் நின்றிருக்கிறேன். வேறு முடிவு எனக்கு இன்றைக்கும் வருவதில்லை. சிறியதையே எடுத்தோம். வண்டியில் ஏற்றும்போது முதலாளி சொன்னார்: "உப்புக்காத்துப் படாமப் பாத்துக்கொள்ளுங்கோ. துருப் பிடிச்சா எல்லாம் நாசமாப் போயிடும்." மாமா கவனமாகத் தலையாட்டினார்.

எங்கள் ஊரில் ஒரு பொருளை உப்புக்காற்றிலிருந்து காப்பது என்றால் அதற்குச் சுறாவெண்ணெய் பூசுவது. வள்ளத்துக்குப் பூசுவோம், நங்கூரத்துக்கும் கப்பிக்கும் பூசுவோம், கோயில் மணியின் கொக்கிக்கும் பூசுவோம். மறுநாள் விடியற்காலை மாமா சிரட்டையில் எண்ணெயும் பூசுகிற தென்னந்தும்புமாக உட்கார்ந்தார். வெளியே தடவியது போதாதென்று, இடுக்கு இடுக்காகப் பார்த்து உள்ளேயும் வார்த்தார். தாழ்வாரம் முழுவதும் நாறியது. மூன்று முறை துடைத்து மூன்று முறை பூசினார். பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவரைப்போல இருந்தது. மகனின் புதுத் தொழிலுக்குத் தன்னால் ஆனது அதுதான் என்று நினைத்திருப்பார்.

இழுக்கிற நாளில் நானும் போய்க் கட்டாந்தரையில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே வின்சைக் கட்டி வைக்க மரம் ஒன்றும் இல்லை. கிடங்கு வெட்டிப் பனங்குற்றி ஒன்றைக் குறுக்கே புதைத்து, அதில் வின்சைப் பிணைத்தார்கள். கம்பிக்கயிறு எஞ்சின்வரை போனது. வண்டிச் சில்லுக்குக் கீழே பலகைகளைச் செருகினார்கள். என் கணவர் பிடியைச் சுற்றத் தொடங்கினார்.

வந்தது. உண்மையாகவே வந்தது. சேறு 'ளொப்' என்று வாயைத் திறந்து சில்லை விட்டது. செபமாலையை உருட்டிக்கொண்டிருந்த நான் மணியை எண்ண மறந்துபோனேன். பலகைமேல் ஏறிச் சாய்ந்தபடி எஞ்சின் கட்டாந்தரையை நெருங்கியது. இன்னும் ஒரு முழம்தான். என் கணவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். மூச்சு வாங்குவதற்காகப் பிடியை விட்டார்.

பிடி தானாகப் பின்னால் சுற்றியது. முதலில் மெல்ல, பிறகு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். "கையை வையாதை! கையை வையாதை!" என்று மாமா கத்தினார். வண்டி பலகையை விட்டு வழுக்கி, பக்கவாட்டில் சரிந்து, அச்சு முறிந்து, ஆற்றுப் பக்கத்துப் பள்ளத்தில் தலைகீழாய்ப் போனது. எஞ்சினின் பெரிய சில்லில் பாதி மட்டும் வெளியே தெரிந்தது. சாண் ஏற முழம் சறுக்கும் என்பார்கள். எங்களுக்கு முழம் ஏறிப் பாதாளம் சறுக்கியது.

வின்சைத் திரும்பவும் கடைக்குக் கொண்டுபோனோம். முதலாளி மூடியைக் கழற்றியதும் மூக்கைப் பொத்தினார்.

"இந்தத் தோல் காஞ்சு கிடந்தாத்தானே பிடிக்கும்! ஆர் இதுக்க எண்ணெய் விட்டது?"

மாமா பக்கத்தில்தான் நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை.

"நாங்கள் எல்லாருந்தான், நானா" என்றார் என் கணவர்.

முதலாளி தன் தலையில் அடித்துக்கொண்டார். அந்த மனிதருக்குத்தான் எவ்வளவு வேதனை! உப்புக்காற்றைப் பற்றிச் சொன்ன வாயால் இதையும் சொல்லாமல் விட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டு, காசு வாங்காமல் புதுத் தோல் வெட்டிப் போட்டுத் தந்தார். பாலத்தால் திரும்பி வரும்போது வாடைக்காற்று முகத்தில் அடித்தது. மாமா வண்டியில் ஏறாமல் முழுத் தூரமும் பின்னால் நடந்தே வந்தார்.

இரண்டாம் முறை இழுக்கப் போனபோது ஆறு வந்துவிட்டது. பெரிய சில்லு எங்கே கிடந்தது என்றே காட்ட முடியவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு கம்பு குத்திக் குத்தித் தேடினார்கள். ஆறு அதை இழுத்துக்கொண்டு போயிற்றோ, ஆழத்தில் புதைத்துவிட்டதோ, கம்பு ஓரிடத்திலும் இரும்பில் முட்டவில்லை.

ஒருநாள் விடியப்புறம் என் கணவர் பரணில் கிடந்த வலையை இறக்கினார். "ஒண்டும் கேக்காதை" என்றார். ஊரே பயப்படுகிற வாய் என்னுடையது. அன்றைக்குப் பிட்டை ஓலைப்பெட்டியில் கட்டிக் கொடுத்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், யார் மேலாவது வந்திருந்தால்.

பிள்ளை பிறந்தபோது அவர் கடலில் இருந்தார். மருத்துவிச்சி பிள்ளையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோய், "பெடியன்!" என்று கூவினாள். வாசலில் நின்ற சனம் மாதாவுக்குத் தோத்திரம் சொன்னது. மாமா பேரனைக் கையில் வாங்கினார், பார்த்தார், விம்மி விம்மி அழத் தொடங்கினார். கிழவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை என்று எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே படுத்திருந்த எனக்கு அந்த அழுகை விளங்கியது. கடலுக்குப் போகாத பெண்ணாய் இது பிறந்திருக்கக் கூடாதா என்றுதான் நானும் அழுதுகொண்டிருந்தேன்.