கொத்தனாரின் எட்டு மாதங்கள்

ஞாயிறு ஆராதனையின் நடுவே கொத்தனார் கோவிலுக்குள் நுழைந்த காட்சி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. குடிபோதையில் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். வாசலில் கழற்றியிருக்க வேண்டிய செருப்பு காலிலேயே கிடந்தது. நான் மேலே நின்று அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். அவர் நடுவழியில் நின்று, "வே ஐயரே, மேல நின்னு அழகாப் பேசுதீரு. ஒருநா எம் வீட்டுக்கு வந்து பேசும், பாப்போம்" என்றார். இரண்டு பேர் அவரைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். பெண்கள் பக்கத்தில் அவருடைய மனைவி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சேரன்மகாதேவிக்குக் கிழக்கே ஓர் ஆற்றங்கரை ஊரில் எனக்கு முதல் சபை. எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். இருபத்தேழு வயதில் அந்த மரியாதை எனக்குக் கூச்சமாக இருந்தது. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று நாட்கள் நகர்ந்தன. என் வார்த்தையால் ஒருவருடைய வாழ்க்கையும் அசையவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. வேறு வேலைக்குப் போய்விடலாமா என்று அப்போதே யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன், விருப்பமில்லாமல்தான். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி பீடி இலை பரப்பிய சொளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. எப்படி ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. "பைய ஜெபம் பண்ணுங்கய்யா, எழும்புனா ஏசுவாரு" என்றாள். ஜெபித்துவிட்டுத் திரும்பும்போது என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. அந்த வெறுப்பில்தான் அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன்.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, அவர் விழித்து உட்கார்ந்திருந்தார். "ஐயா, எம் மக என்னப் பாத்தா கட்டிலுக்கடியில போயி ஒளியுதா" என்றார். வாயைப் பொத்திக்கொண்டார். என்னிடம் வசனம் ஒன்றும் இல்லை. "நாளைக்கு டாக்டர்கிட்டப் போவோமா?" என்று மட்டும் கேட்டேன். பேருந்தில் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கை நடுங்கி, வேர்த்து, இல்லாத ஆட்களைப் பார்த்து அலறினார். அவருடைய மனைவியும் நானும் மாறிமாறிப் பக்கத்தில் இருந்தோம்.

அதன்பிறகு அவர் குடிக்கவில்லை. கேட்காமலே வந்து கோவில் சுற்றுச்சுவரின் இடிந்த பாகத்தைக் கட்டிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி வரிசையில், ஏழு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாட்டு முடியுமுன்னே அவள் தூங்கிப்போவாள். அவளை எழுப்பிவிடுவோமோ என்று ஜெபத்துக்குக்கூட அவர் எழுந்து நிற்கமாட்டார். எனக்கு உள்ளூரப் பெருமை. அக்கம்பக்கத்துச் சபைகளில் அவரைப் பற்றிச் சாட்சி சொன்னேன். அவரை நான்தான் மாற்றியது போலவே சொன்னேன்.

ஆனால் ஈரல் முன்பே கெட்டுப்போயிருந்தது. கண் மஞ்சளாகி, வயிறு வீங்கத் தொடங்கியபோது டாக்டர் என்னைத் தனியே அழைத்து, காலம் கடந்துவிட்டது என்றார். கடைசி வாரத்தில் கொத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவர்ட்ட இன்னும் கொஞ்சநாளு கேட்டுப் பாருங்கய்யா" என்றார். கேட்டேன். அழுது கேட்டேன். குடியை விட்ட எட்டாம் மாதம் அவரைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தேன். வாசிக்க வேண்டிய பகுதியை வாசிக்க முடியாமல் இரண்டு இடத்தில் நின்றேன்.

மூன்றாம் நாள், ஊழியத்தை விடுவதாகக் கடிதம் எழுதி வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ள அந்த வீட்டுக்குப் போனேன். கொத்தனாரின் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "நான் இத்தனை செய்தும் ஒண்ணும் மிஞ்சலையேம்மா" என்றேன். ஆறுதல் சொல்லப்போனவன் ஆறுதல் தேடி நின்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்படிச் சொல்லாதீங்கய்யா. பத்து வருசம் ஒரு குடிகாரனுக்குச் சோறாக்கிப் போட்டேன். இந்த எட்டு மாசந்தான் புருசன்கூட வாழ்ந்தேன். போதும்னு சொல்லமாட்டேன், போதாதுதான். ஆனா நீங்க வராம இருந்திருந்தா அதுவும் இல்லல்லா?" கொஞ்சநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கீழத்தெருவுல டெய்லர் வீட்டுலயும் இதே கததான். அவரு பொஞ்சாதி நேத்து எங்கிட்ட வந்து அழுதா. அங்கன ஒரு எட்டுப் போயிட்டு வாங்க" என்றாள்.

போனேன். கடிதத்தை அனுப்பவில்லை. அந்த டெய்லர் திருந்தவில்லை. நான் அந்த ஊரில் இருந்த நாள்வரை குடித்துக்கொண்டேதான் இருந்தார். அதன்பின் எத்தனையோ சபைகள், எத்தனையோ வீடுகள். சிலர் மீண்டார்கள், சிலர் மீண்டு மறுபடி விழுந்தார்கள், பலருக்கு என்னால் ஒன்றும் ஆகவில்லை. இந்த ஆண்டோடு எனக்கு ஓய்வு. அந்த மனிதருக்கு ஏன் எட்டு மாதம் மட்டும் கிடைத்தது என்ற கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. நான் ஊழியத்தில் தங்கியது பதில் கிடைத்ததால் அல்ல. கணவனைப் புதைத்த மூன்றாம் நாள் ஒருத்தி இன்னொருத்தியின் வீட்டுக்கு என்னை அனுப்பினாள். அன்று நடக்கத் தொடங்கியவன் நான்.