என் மனைவியின் முதுகு

எண்பதுகளின் நடுவில், தாலுகா அலுவலகத்திலிருந்து நான் ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு, என் மனைவிக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. சில வாரங்களில் ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்ப்பது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சோறு ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது, துணி மாற்றுவது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

உறவினர்கள் பஸ் ஏறி செஞ்சிக்கு வந்தார்கள். எதையும் எண்ணிப் பார்ப்பது என் சுபாவம். வந்தவர்கள் இருபத்துமூன்று பேர். அதில் பத்தொன்பது பேர் புறா ரத்தம் தடவச் சொன்னார்கள். அறுத்த சூட்டோடு தேய்த்தால் நரம்பு முறுக்கேறுமாம். கோட்டைப் பக்கம் புறா பிடிக்கிறவனிடம் சொல்லிவைத்து, பதினொரு புறா வாங்கினேன். காலையில் எழுந்ததும் விரல் அசைகிறதா என்று பார்ப்பேன். அசைந்ததுபோல இருக்கும், உடனே சந்தேகமும் வரும்.

முப்பத்தெட்டு ஆண்டுக் குடித்தனத்தில் அவள் என் எதிரே வெளிச்சத்தில் புடவை மாற்றியதில்லை. ஆகவே அவளை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, புடவைமேலேயே வெந்நீர் ஊற்றுவேன். உலர்ந்ததை மேலே போர்த்தி, ஈரத்தை அடியிலிருந்து உருவுவேன். இடது கையால் அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

அறையில் ஒரு நாற்றம் வந்தது. புறா ரத்தம் என்று நினைத்து சாம்பிராணி போட்டேன்.

பின்வீட்டுப் பாய் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தார். ஒருநாள் அவர் மனைவி நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார். வாசலிலேயே அவர் முகம் மாறியது.

"நைனா, அம்மா முதுகப் பாத்தீங்களா?"

கையில் கொஞ்சம் அசைவு தெரிகிறது என்றேன்.

"நான் கையக் கேக்கல."

என்னை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனார். பிறகு கூப்பிட்டார். மனைவியை ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தார். முதுகெலும்பு முடிகிற இடத்தில் நான்கு விரல் அகலத்துக்குத் தோல் இல்லை. நடுவில் கறுத்திருந்தது.

"எங்க மாமியாருக்கும் இப்டித்தான். நாங்களும் கையி காலத்தான் புடிச்சி உட்டுக்கினு இருந்தோம். எலும்பு தெரிஞ்சப்புறம்தான் பாத்தோம். கெழவி அதுலயே போயிடுச்சு" என்றார். "ஊர்ல இருக்கிற புறாவெல்லாம் கொன்னீங்க, பொண்டாட்டிய ஒருவாட்டி திருப்பிப் பாக்கல" என்றார்.

கணவரிடம் சொல்லியனுப்பி அன்றே டாக்டரை வரவழைத்தார். டாக்டர் அழுகியதை வெட்டியெடுத்து மருந்து வைத்தார். மல்லாக்கப் படுக்கவைக்கவே கூடாது, பக்கம் மாற்றி மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், முதுகுக்கு முட்டாக இலவம்பஞ்சுத் தலையணை வைக்க வேண்டும், ஈரம் நிற்கக் கூடாது, எங்காவது தோல் சிவந்தால் அடுத்த புண் அங்கேதான் என்றார். பகலில் ஒருமுறை தான் வருவதாகவும் மற்ற நேரம் நான்தான் புடவையை விலக்கிப் பார்த்தாக வேண்டும் என்றும் பாயின் மனைவி சொன்னார். என் மனைவிக்கும் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னார். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லோரும் போனபின் ஜன்னலைச் சாத்திவிட்டு அருகில் போனேன். முந்தானையை அவள் விடவில்லை.

"பாக்கலன்னா செத்துடுவியாம்."

"போறன்" என்றாள். விழுந்த நாளிலிருந்து அவள் வாயில் தெளிவாக வந்த முதல் சொல் அது.

"நீ போயிட்டா நான் இன்னா பண்றது?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கண்ணை மூடிக்கொண்டாள்.

பாயின் மனைவி சொன்னபடி வந்தார். அவள் அருகே அவர் இருக்கும் நேரத்தில்தான் நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். புண்ணை விரலால் அளந்துவந்தேன். நான்கு விரல் மூன்றாகி, மறுபடி நான்காகி, பிறகு மெதுவாகக் குறைந்தது. மழைக்காலம் முடியும்போது மூடிக்கொண்டது. கை வரவில்லை. கால் வரவில்லை.

அவலூர்பேட்டையிலிருந்து என் தங்கை கணவர் வந்தார். அவள் கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார். அது பொத்தென்று விழுந்தது.

"ஒண்ணும் தேறலியே மச்சான்."

"முதுகு ஆறிடுச்சு" என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு காப்பியை எடுத்துக்கொண்டார். பக்கம் மாற்றும் நேரமாகியிருந்தது. அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவளைத் திருப்பும்போது பார்த்தேன். வலது குதிகாலில் புதிதாகச் சிவந்திருந்தது.