சிக்னல் இல்லீங்க அய்யா

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை, அதுதான் என் ஸ்டுடியோ. எனக்கு முன்கோபம் ஜாஸ்தி என்று ஊரே சொல்லும். பொய்யில்லை. அந்தக் கோபம் ஒருநாள் எனக்கே ஆப்பு வைத்தது.

கரியாலூரில் ஒரு கல்யாணம். பெண்ணின் அண்ணன் குவைத்தில் வேலை பார்க்கிறான், லீவு கிடைக்கவில்லை. பெண்ணின் அப்பா புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். “அய்யா, கேமராவப் பாத்து ரெண்டு வார்த்த பேசுங்க, உங்க புள்ள பாப்பாரு” என்றேன். எல்லாக் கல்யாணத்திலும் நான் சொல்கிற வசனம் அது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு லென்சுக்குக் கிட்டே வந்தார். “இன்னா சாமி, சாப்ட்டியா?” என்று கேட்டார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. அப்படியே நின்றார்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. மகனோடு போனில் முகம் பார்த்துப் பேசிப் பழகியவர், இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். பதிலுக்காகக் காத்திருக்கிறார். அந்தப் பக்கம் தாலி கட்டப் போகிறார்கள், என்னைக் கூப்பிட்டுக் கத்துகிறார்கள். அவருக்கு உட்கார்ந்து பாடம் நடத்தவா முடியும்? எரிச்சலில், “சிக்னல் இல்லீங்க அய்யா” என்று சொல்லிவிட்டு ஓடினேன். முதுகுக்குப் பின்னால் அவர் சொன்னது மைக்கில் பதிவாகியிருந்தது. “செரி. வந்துச்சுன்னா, சாப்ட்டானான்னு கேட்டேன்னு சொல்லு.”

எடிட்டிங்கில் அந்தக் காட்சியை வெட்டித் தூக்கிப் போட்டேன்.

ஆறு மாதத்தில் அவர் போய்விட்டார். மகனால் அதற்கும் வர முடியவில்லை. காரியம் முடிந்த மறுவாரம் எனக்குப் போன் செய்தான்.

“அண்ணா, வெட்டாத வீடியோ இருக்குதா? அப்பா எங்கெங்க நிக்கிறாரோ அத்தனையும் எனக்கு வேணும். ஆனா யூடியூப் சேனல்ல போட்டுடாதீங்க. எங்கயும் ஏத்தி வெக்காதீங்க. நான் மட்டும்தான் பாக்கணும்.”

கல்யாண வீடியோ என்றால் கேட்காமலே சேனலில் ஏற்றிவிடுகிற கூட்டம்தானே நாங்கள், பயப்படமாட்டானா?

வெட்டாத வீடியோ மொத்தம் நூற்றிருபது ஜிபி. குவைத்துக்குப் போகிற ஆளிடம் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தனுப்பட்டுமா என்றேன். “கை மாற வேணாண்ணா. ரெண்டு கம்ப்யூட்டரும் நேரா பேசிக்கும். வீடியோ அங்கயே பூட்டிக்கினு கெளம்பும், இங்க வந்துதான் தெறக்கும். நடுவுல யாராலயும் பாக்க முடியாது” என்றான்.

“இன்னாடா கத வுட்டுக்கினு இருக்கற?” என்றேன்.

கூட ரூமில் இருக்கிற ஒருத்தன் அவனுக்குக் கற்றுக்கொடுத்தானாம். ஒரு சின்ன மென்பொருளை என்னைப் போட வைத்தான். நீளமான ஒரு குறியீட்டை எழுத்து எழுத்தாகப் போனில் வாசித்தான். அதை அடித்து முடித்ததும் குவைத்தில் அவன் கட்டிலில் கிடக்கிற லேப்டாப்பின் பெயர் என் திரையில் வந்து நின்றது. அடேங்கப்பா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அனுப்பும் முன் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தேன். பெரியவர் கேட்கிறார், நிற்கிறார். அப்புறம் என் குரல், சிடுசிடுவென்று. கை அழிக்கிற பட்டன்மேல் போய்விட்டது. அழித்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் ‘சொல்லு’ என்று அந்த மனுஷர் என்னிடம் ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆறு மாதமாக அதை நான் செய்யவில்லை. கையை எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை தொடங்கியது, மறுநாள் காலையில் அறுபத்து மூன்று சதவீதத்தில் இருந்தது. சரியாக ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. மாதாந்திரப் பராமரிப்பு, சாயந்திரம்தான் வரும். பேப்பரில் நானே படித்திருந்தேன், மறந்து தொலைத்தேன். யுபிஎஸ் பத்து நிமிஷம் கத்திவிட்டு அடங்கியது. நானும் அதோடு சேர்ந்து கத்தினேன். அவனுக்குப் போன் செய்து, எல்லாம் நாசமாகப் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றேன். “ஒண்ணும் ஆவாதுண்ணா” என்றான்.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டேன். இந்தப் பக்கம் இருப்பதையும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததையும் அதுவே சரிபார்த்தது. அப்புறம் அறுபத்து நாலு என்று காட்டியது. விட்ட இடத்திலிருந்து! கரியாலூர்ப் பந்தலும் அந்தப் புது வேட்டியும் அந்த முகமும் லட்சம் துண்டாகக் கடல் தாண்டிப் போகின்றன. ஒரு துண்டுகூடத் தொலையவில்லை, யார் கண்ணிலும் படவில்லை. டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நூறு ஆயிற்று. திங்கள் மத்தியானம் அவன் போன் வந்தது. திட்டுவான் என்று எழுந்து நின்றே எடுத்தேன்.

“பாத்தேண்ணா” என்றான். “சிக்னல் இல்லன்னு சொன்னீங்களே, அதையும் பாத்தேன்.”

“தப்புதாம்பா” என்றேன்.

“இல்லண்ணா. அப்பா பதிலுக்கு நின்னுக்கினே இருக்காருல்ல? வீடியோவ அங்கயே நிறுத்திட்டு, சாப்ட்டேம்பான்னு சொன்னேன்.”

“நெஜமாவே சாப்ட்டியாடா?” என்று கேட்டேன்.

“இல்லண்ணா. இனிமேதான்.”

“போய்ச் சாப்புடு. நான் லைன்லயே இருக்கறேன்” என்றேன்.