கை கழுவுகிற காட்சி

வீரசாமியை அந்தக் கொட்டகைக்கு வரச்சொன்னவன் நான். என் தங்கை பாக்கியத்துக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை அவன். வரமாட்டேன் என்றவனை வீடு தேடிப் போய், சாமி மேல் சத்தியம் செய்து, வரவழைத்தேன். அன்றைக்குப் போனவன்தான்... திரும்பவில்லை.

இதை இத்தனை காலம் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம் சொல்லலாம் என்று நினைத்து நினைத்தே அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன். "மாணிக்கத்துக்கு இந்த வயசிலும் என்ன பக்தி" என்கிறார்கள். எதற்காக எடுக்கிறேன் என்று முருகனுக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

மலாயாவில், மெர்போக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் வந்த பிறகு ரப்பர் வாங்க ஆள் இல்லை. மரம் சீவின கைகள் மரவள்ளிக் கிழங்கு நட்டன. அரிசிச் சோற்றின் வாசனை மறந்து போயிருந்தது. அந்த நாளில்தான் சுங்கைப் பட்டாணியிலிருந்து காதர் பாய் மாட்டு வண்டியில் படப் பெட்டியை ஏற்றிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்தார். டவுனில் ஒரு படக் கொட்டகையில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரனின் சண்டைப் படங்களைத் தோட்டம் தோட்டமாகக் காட்ட வேண்டும் என்று அவருக்கு உத்தரவு.

ரப்பர் காய்ச்சுவது நின்றுபோன ஸ்டோர்தான் கொட்டகை. ஜன்னல்களில் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டால் பட்டப்பகலும் இருட்டாகிவிடும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இயந்திரத்தில் படம் ஓடும், பேச்சு வராது. அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருவன் நின்று தமிழில் கதை சொல்ல வேண்டும். எனக்குக் குரல் பெரிது. காதர் பாய் என்னைப் பிடித்துக்கொண்டார்.

சண்டைப் படம் முடிந்ததும் ஜனங்கள் எழுந்து போய்விடாமல் இருக்க, பழைய படம் ஒன்றைப் போடுவார். அமெரிக்காவில் எடுத்தது. அதில் நடித்தவர்கள் எல்லாருமே கறுப்பர்கள். தலைப்பும் இல்லை, முடிவும் இல்லை. நடுவில் கொஞ்சம்தான் அவரிடம் இருந்தது. வெள்ளைக்காரன் நாட்டுப் படம் காட்டக்கூடாது என்று தோட்டத்துக் கணக்கர் கிராணி தடுத்தபோது காதர் பாய் சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: "இதுல வெள்ளைக்காரன் எங்க இருக்கான்னு காட்டுங்க கிராணியாரே, இப்பவே கொளுத்திடறேன் லா."

படத்தில் ஒருவன் ரயில் பாதையில் வேலை செய்கிறான். சாயங்காலம் வீட்டுக்கு வருகிறான். கையெல்லாம் கரி. வாசலில் அவள் நிற்கிறாள். அவன் அவளைத் தொடவில்லை. வாளித் தண்ணீரில் கையைக் கழுவுகிறான். மெதுவாக, விரல் விரலாக. சட்டையில் துடைக்கிறான். திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்கிறான். பிறகுதான் அவள் கன்னத்தில் கை வைக்கிறான். அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

நான் அதுவரை பார்த்த படங்களில் காதல் என்றால் பவுடர் பூசிய முகங்கள் பாட்டுப் பாடுவது. கறுப்பாக இருப்பவன் அடி வாங்குவான், இல்லாவிட்டால் சிரிப்புக் காட்டுவான். என் நிறத்தில் ஒரு ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் அப்படிப் பார்த்துக்கொண்டதை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் திரையில் கண்டேன். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நின்றேன்.

"என்னடா கதைசொல்லி, வாயில கிழங்கா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

என் வாயிலிருந்து வந்தது இது: "எத்தனை தடவ கழுவுனாலும் அது போகாது ராசா. சரி, அவளையும் தொட்டுப் பாரு, ஒட்டுதான்னு."

ஸ்டோரே சிரித்தது. எத்தனை மாதம் கழித்து அந்த ஜனங்கள் அப்படிச் சிரித்தார்கள்...

அந்தக் கூட்டத்தில் வீரசாமி இருந்தான். பாக்கியமும் இருந்தாள். இரண்டு பேரும் நல்ல கறுப்பு. அவர்களாகவே மனம் பிடித்து, அம்மா சம்மதித்து, தை மாதம் தாலி என்று நாள் குறித்திருந்தோம். அவனும் வேலை முடிந்து எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு வந்தால், வாசல் குழாயில் கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவான். மரம் சீவின நாளில் ரப்பர் பால் நாற்றம் போக வேண்டும் என்று தொடங்கியது, கிழங்கு நட்டபோதும் விடவில்லை. லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த பழக்கம் அது.

மறுநாளே ஆரம்பித்துவிட்டது. அவன் குழாயடிக்குப் போனால் போதும். "போச்சா மாப்ள?" "இன்னும் கொஞ்சம் தேய்ங்க!" பாக்கியம் தண்ணீர் எடுக்கப் போனால், "தொட்டாரா, ஒட்டிச்சா?"

இரண்டாவது முறை படம் வருவதற்கு முன் வீரசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அதிகம் பேசாதவன் அவன்.

"மச்சான், என்னைச் சொன்னா பரவால்ல. அது அழுவுது. அந்த எடத்துல மட்டும் ஒண்ணும் சொல்லாம இருங்களேன். அந்த ஆளு பாவம், நல்லாத்தான கையைக் கழுவுறான்."

சரி என்றேன். தோளில் தட்டிக்கொடுத்து அனுப்பினேன்.

அந்தக் காட்சி வந்தது. கூட்டம் என் வாயைப் பார்த்தது. நான் சொன்னேன்: "அமெரிக்கா என்ன, நம்ம மூணாம் லயத்துக் குழாயடிக்கே இவரு வந்து போறாரு பாருங்க." எல்லாத் தலைகளும் வீரசாமியின் பக்கம் திரும்பின.

ஏன் செய்தேன்? பட்டினி கிடந்த ஜனங்கள் சிரிக்கட்டும் என்று செய்ததாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நானும் வீரசாமி அளவுக்குக் கறுப்புதான். அவனைப் பார்த்துச் சிரிக்கிற நேரத்தில் யாரும் என் நிறத்தைப் பார்க்கவில்லை. அதுதான் காரணம். தோட்டத்து எல்லையில் கறுப்பண்ணசாமிக்குச் சுருட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு நேராக வந்து கறுப்பைப் பார்த்துச் சிரித்த கூட்டம் நாங்கள். அந்தக் கூட்டத்துக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்.

அன்று பாக்கியம் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். "தை வேணாம்மா. மாலையும் கழுத்துமா அவரு பக்கத்துல நின்னா எல்லாரும் சிரிப்பாங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்." அம்மாவும் கிழங்குச் சோற்றில் என்ன கல்யாணம் என்று விட்டுவிட்டாள். வீரசாமி எங்கள் லயத்துப் பக்கம் வருவதை நிறுத்தினான். படம் பார்க்கவும் வருவதில்லை.

எனக்கு உறுத்தியது. அது உண்மை. மூன்றாம் முறை படம் வருகிறது, எல்லாரும் கட்டாயம் வரவேண்டும் என்று கிராணி தமுக்கு அடிக்கச் சொன்னபோது, நான் வீரசாமியின் வீட்டுக்குப் போனேன். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருந்தான்.

"வா மாப்ள. இன்னைக்கு ஒழுங்காச் சொல்றேன். மாரியம்மா சத்தியம். எல்லாரும் கேக்கற மாதிரி சொல்றேன், பாக்கியமும் கேக்கட்டும். தையிலயே வெச்சுக்கலாம்."

அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான். நான் சொன்னதை நம்பித்தான் வந்தான்.

அந்தக் காட்சிக்காக வார்த்தைகளைத் தேடி வைத்திருந்தேன். "இவனுக்கு அவள் மேல் அத்தனை மரியாதை" என்று தொடங்க வேண்டும் என்று. திரையில் அவன் வாளிக்குப் பக்கத்தில் குனிந்தான். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் கூட்டம் சிரித்துவிட்டது. கையைத் தண்ணீரில் வைத்ததுமே சிரித்தார்கள். பிறகு நான் சொன்னது ஒருவர் காதிலும் விழவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கதவுகளைச் சாத்தினார்கள். வெளியே லாரிகள். உள்ளே துப்பாக்கியோடு ஜப்பான் சிப்பாய்கள். சாக்குகளைக் கிழித்து வெளிச்சம் விட்டார்கள். கிராணி ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றார்.

"சயாமுல ரயில் பாதை வேலை. மூணு மாசம்தான். கல்யாணம் ஆனவன் பொஞ்சாதி பக்கத்துல போய் நில்லு. மத்தவன் எல்லாம் லாரியில ஏறு."

பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். முனியம்மா என்று ஒரு விதவை, அவள் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு ஆளின் கையைப் பிடித்து, "இவருதான் என் வீட்டுக்காரரு" என்றாள். கிராணிக்கு அவளைத் தெரியும். தெரிந்தும் தலையைத் திருப்பிக்கொண்டார். சிப்பாய் விட்டுவிட்டான். ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

வீரசாமி பெண்கள் பக்கம் பார்த்தபடி நின்றான். பாக்கியம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவன் என் பக்கம் திரும்பினான். காதர் பாய் என்னை இயந்திரத்தின் பக்கம் இழுத்து, தன் ஆள் என்று சொல்லித் தப்பவைத்திருந்தார். அந்தத் தோட்டத்திலேயே பெரிய குரல் என்னுடையது. "அவன் என் தங்கச்சி புருஷன்" என்று நான் சொல்லியிருக்கலாம். கடவுளே, நாலு வார்த்தை... வரவில்லை. இயந்திரத்தின் பின்னால் இன்னும் ஒதுங்கிக்கொண்டேன்.

அவன் லாரியில் ஏறினான். சண்டை முடிந்து திரும்பி வந்த ஒருவர், வீரசாமி பேதியில் போய்விட்டான் என்றார். எந்த முகாம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

பாக்கியத்தைப் பிறகு மனைவியை இழந்த பாலிங் ஊர்க்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தோம். அவருடைய பிள்ளைகளை வளர்த்தாள். இப்போது அவரும் இல்லை.

போன மாதம் என் மகன் வீட்டில் வீடியோவில் ஒரு படம் ஓடியது. அமெரிக்கப் படம். கறுப்பு ஆண், கறுப்புப் பெண். அவர்கள் சண்டை போட்டார்கள், சமைத்தார்கள், ஒருவர் தோளில் ஒருவர் தூங்கினார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி அந்தப் படத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. பேத்தி வாயில் விரலை வைத்துக்கொண்டு அழுதபடி பார்த்தாள். நிறத்தைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்படியும் பார்க்க முடிந்திருக்குமே... நான் எழுந்து சாமி அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். விளக்கு எரிந்தது. என்னால் திருநீறு பூசிக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் பஸ் ஏறிப் பாலிங்குக்குப் போனேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பாக்கியம் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வீரசாமி என்று பேச்சை ஆரம்பித்ததுமே அவள் கை நின்றது. பிறகு அவளே பேசினாள்.

"படம் பாக்கறதயே விட்டவரு அன்னைக்கு எதுக்கு வந்தாருன்னு நினைக்கிறே? என்னைப் பாக்கத்தாண்ணே வந்தாரு. கடைசி வரைக்கும் பொம்பளைங்க பக்கமே பாத்துக்கிட்டு நின்னாரு. நான் எந்திரிக்கத்தான் போனேன். இப்பத்தான சிரிச்சாங்க, மறுபடி சிரிப்பாங்கன்னு இருந்துச்சு. உக்காந்துட்டேன். நான்தாண்ணே அவரை அனுப்பிட்டேன்."

கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆனா என்னைப் பாக்க வந்தாரு. அது போதும் எனக்கு."

நான் கூப்பிட்டுத்தான் வந்தான் என்று சொல்லியிருந்தால் அவள் சுமக்கிற பழியில் பாதி இறங்கியிருக்கும். கூடவே, அவளிடம் மிச்சமிருந்த அந்த ஒன்றும் போயிருக்கும்.

"ஆமாம்மா," என்றேன். "உன்னைப் பாக்கத்தான் வந்தான்."

இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று நீங்கள் நினைக்கலாம். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். இல்லை. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிடுவாளோ என்ற பயம்.