ஸ்டெப்னியில் பார்த்த அளவு

பெட்ரோல் வரிசையில் நிற்பதற்கென்றே பிறவி எடுத்தவன் போல அலுத்துப்போயிருந்தேன். ரங்கூனில் அலோன் எண்ணெய்க் கிடங்குகளை ஒட்டி வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. என் டாக்ஸி கொஞ்சம் நகரும், மறுபடி நிற்கும். அப்போதுதான் ஜப்பானிலிருந்து மனைவி போனில் கூப்பிட்டாள்.

அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. அவளுக்கு விசா கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. இல்லம் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. போன வாரம் அந்த ஏற்றத்தில் அவளுடைய பழைய கார் பனியில் வழுக்கி, ஓடைக் கரையில் போய் நின்றது. நல்ல வேளை, நின்றது. டயரில் பனிச் சங்கிலி மாட்டாமல் இனி அந்த மேடு ஏறக்கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தேன். வாங்கியும் விட்டாள். மாட்டினால் கொக்கி சேரவில்லை, நாலு விரல் குறைகிறது என்றாள். சாயங்காலம் வேலைக்குப் போயாக வேண்டும்.

நான் பனியைக் கண்டவனில்லை, டயரைக் கண்டவன். எந்த அளவைப் பார்த்து வாங்கினாய் என்று கேட்டேன். ஸ்டெப்னியில் பார்த்தேன் என்றாள்.

எரிச்சல்தான் வந்தது. ஆனால் யாரைக் கோபிப்பது? இங்கே டாக்ஸிக்காரர் வீட்டில் எல்லோரும் அதைத்தான் செய்வோம். மழைச் சேற்றிலும் நடைபாதைக் கல்லில் உரசியும், ஓடுகிற டயரில் எழுத்தே தெரியாது. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னியில் பளிச்சென்று இருக்கும். ஐந்தையும் ஒன்றாக வாங்குவதால் ஐந்தும் ஒரே அளவு. நான் டயர் கடைக்குக் கிளம்பும்போதெல்லாம் டிக்கிக்குள் தலையை விட்டுப் படித்துச் சொன்னவள் அவள்தான்.

ஓடுகிற டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் படிக்கச் சொன்னேன். கை விறைக்கிறது என்று முனகிக்கொண்டே படித்தாள்: 185/60R15. ஸ்டெப்னியில் 175/65R14. முதல் எண் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது, கடைசி எண் ரிம். காரை முன்பு வைத்திருந்தவன் நான்கையும் பெரிதாக மாற்றிவிட்டு ஸ்டெப்னியை அப்படியே விட்டிருக்கிறான். ஓடுகிற டயரின் மூன்று எண்ணும் அப்படியே சங்கிலிப் பெட்டியின் மேல் போட்டிருந்தால் மட்டும் வாங்கு என்றேன்.

"ஓடுற டயர ஒரு தடவ பாத்திருக்கலாம்ல?"

"அது அங்க நம்ம டாக்ஸி வண்டி சைசுங்க. அதப் பாத்ததும் வேற எதையும் பாக்கத் தோணல."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை நகர்த்தினேன்.

வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை. போனும் அணைந்துவிட்டது. கடை திறந்திருந்ததா, சங்கிலி கிடைத்ததா, கிடைக்காமலே மேடு ஏறிவிட்டாளா, ஒன்றும் தெரியவில்லை. சோறு இறங்கவில்லை. இருட்டில் உட்கார்ந்து அந்த ஓடையையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் "மீ லாபி" என்று தெருவே குரல் கொடுத்தது; விளக்கு வந்துவிட்டது. ஓடிப்போய் போனைச் சொருகினேன்.

ஒரு படம் வந்திருந்தது. இல்லத்து வாசலில் கார், சக்கரத்தில் இறுக்கமாகச் சங்கிலி. எனக்குக் கண் கலங்கியது. கூப்பிட்டேன். பழைய சங்கிலியைக் கடையில் திருப்பிக் கொடுத்தாயா என்று கேட்டேன்.

"குடுக்கல. நம்ம வண்டிக்குச் சரியா இருக்கும். வரும்போது கொண்டாறேன்."

ரங்கூனில் பனி எங்கே பெய்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. போனதிலிருந்து அவள் "வரும்போது" என்று சொன்னது அதுதான் முதல் தடவை.